பொலிஸுக்குக் கொண்டு போன சோறு

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். இதை நான் தனியாகச் சொல்லத் தேவையில்லை. என்னோடு ஐந்து நிமிடம் பேசினால் எப்படியும் தெரிந்துவிடும். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த யாரோ ஓர் அம்மா "எங்க பாப்பா எறங்குற?" என்று கேட்டால் போதும், அவர் இறங்குவதற்குள் என் பட்டமும் நான் படித்த பாடமும் பேச்சில் வந்து விழுந்துவிடும். அடக்கிப் பார்த்திருக்கிறேன். இருமலைப் போல, அடக்கினால் இன்னும் பலமாக வருகிறது.

வேலை ஹட்டனில், ஒரு சின்ன நிறுவனத்தில். தோட்டம் தோட்டமாகப் போய்ப் பெண்களுக்குச் சட்டம் சொல்லிக் கொடுக்க வேண்டும். தேயிலைக் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு, ஈரம் காயாத உடுப்போடு, கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைமடுவத்தில் வந்து கூடுவார்கள். நான் சுவரில் சார்ட் பேப்பரை ஒட்டுவேன். 'ஒருவர் கைதானால்' என்று ஒரு தாள் உண்டு. அதில் ஏழு விடயங்கள். நான்காவது, கைதானவருக்குச் சாப்பாடு கொடுக்காமல் வைத்திருக்கக் கூடாது என்பது. தண்டனையாகவும் கூடாது, வாக்குமூலம் வாங்குவதற்காகவும் கூடாது. பக்கத்தில் ஒரு பீங்கான் தட்டும் சோறும், நடுவில் ஒரு முட்டையும் நானே வரைந்திருந்தேன்.

"அது என்னா மிஸ், கண்ணா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"முட்டை."

"பொலிசுல முட்டையெல்லாம் குடுப்பாங்களா? அப்ப எங்க வீட்டுக்காரர அங்கயே வச்சுக்கச் சொல்லுங்க."

சிரித்து முடித்த பிறகு அவளே இன்னொன்றும் கேட்டாள். "குடிச்சிட்டு வந்து என்னைய அடிச்சதுக்குத்தான் அவர புடிச்சிட்டுப் போறாங்கன்னு வைங்க. அதுக்கும் நான்தான் சோறு கட்டிக்கிட்டுப் போகணுமா மிஸ்?"

அது அரசாங்கத்தின் பொறுப்பு என்று நான் இரண்டு நிமிடம் விளக்கினேன். "அரசாங்கம் நல்லா ஆக்குமா?" என்றாள். மறுபடியும் சிரிப்பு. கேள்வி என்ன என்று எனக்கு அன்று விளங்கவில்லை. விளங்காததும் எனக்குத் தெரியவில்லை. அடுத்த விடயத்துக்குப் போய்விட்டேன்.

இனி என் அண்ணன். அவன் எனக்காகப் படிப்பை விட்டுக்கொடுத்தவன் என்று எழுதினால் வாசிக்க நன்றாக இருக்கும். உண்மை அதுவல்ல. அவனுக்குக் கணக்கு வராது, கணக்கு வாத்தியாருக்குக் கோபம் வரும். இரண்டும் சேர்ந்து ஒன்பதாம் வகுப்போடு நின்றான். இப்போது மரக்கறித் தோட்டங்களுக்கு உரம் ஏற்றும் லொறியில் போகிறான். குடிக்காத நாளில் நல்லவன். குடித்த நாளில் ரொம்ப நல்லவன், அதுதான் பிரச்சினை. நாலு பேருக்கு முன்னால் யாரையாவது புகழ்ந்தே ஆக வேண்டும் அவனுக்கு.

அந்தச் சனிக்கிழமை, நான் படித்த தோட்டப் பாடசாலையில் பாராட்டு விழா. பட்டம் பெற்ற பழைய மாணவர்கள் மூன்று பேர். ஒருவர் கொழும்பில், வரவில்லை. இன்னொருவருக்குக் காய்ச்சல். ஆக, மேடையில் இருந்த மாலைகள் எல்லாம் எனக்குத்தான். நாலு பக்கத்தில் ஏற்புரை எழுதியிருந்தேன். இரண்டாம் பக்கத்தில், குரல் தழுதழுக்க வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு கோடு கூடப் போட்டிருந்தேன்.

முதல் பக்கத்தின் மூன்றாவது வரியில் அண்ணன் மேடை ஏறினான். மைக்கை என் கையிலிருந்து மெதுவாக, மரியாதையாக வாங்கினான்.

"என் தங்கச்சிங்க! ஆறாவது படிக்கிற வரைக்கும் பாயில ஒன்னுக்குப் போனவ! இன்னைக்குப் பட்டதாரி! கையத் தட்டுங்க!"

எல்லோரும் கை தட்டினார்கள். அதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. என் உரைக்குக்கூட அவ்வளவு கைதட்டல் கிடைத்திருக்காது.

அவனை இறக்கப் போனார்கள். அவன் பிரதம விருந்தினரைக் கட்டிப்பிடிக்கப் போனான். டவுனில் கடை வைத்திருக்கும் பெரிய மனிதர் அவர். தள்ளுமுள்ளில் அவருடைய பொன்னாடை கீழே விழுந்தது. வெளியே இழுத்துக்கொண்டு போன கோபத்தில் அண்ணன் அவர் காரின் பக்கக் கண்ணாடியை ஒரு தட்டுத் தட்டினான். அது கையோடு வந்துவிட்டது. அதை அவரிடமே திரும்பக் கொண்டுபோய், "இந்தாங்க சேர், ஒங்க சாமான்" என்று நீட்டியது அவன் செய்த அடுத்த பிழை. சாயங்காலம் பொலிஸ் ஜீப் வந்தது.

நான் வீடு வந்து சேர்வதற்குள் வீடியோ வந்து சேர்ந்துவிட்டது. தோட்டத்து வாட்ஸ்அப் குழுவில் சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விடும் மஞ்சள் முகங்கள் வரிசையாக விழுந்துகொண்டிருந்தன. அன்று இரவு நான் சாப்பிடவில்லை. அம்மா இரண்டு முறை கூப்பிட்டார். இரண்டு முறையும் வேண்டாம் என்றேன். காலையில் மேடைக்குப் போகும் பதற்றத்திலும் சாப்பிட்டிருக்கவில்லை. இதைச் சாக்காகச் சொல்லவில்லை. இல்லை, சாக்காகத்தான் சொல்கிறேன்.

ஞாயிறு காலை தோட்டத்துச் சங்கத் தலைவர் பொலிஸுக்குப் போய்விட்டு வந்து வாசலில் நின்று அம்மாவிடம் செய்தி சொன்னார்.

"பயப்படாத அக்கா, நல்லாத்தான் இருக்கான். காலையில பேக்கரி பணிசு ஒன்னு குடுத்திருக்காங்க. பின்னேரம் பிணையில எடுத்துரலாம். நான் கையெழுத்து வைக்க வர்றேன். மத்தியானத்துக்குச் சோறு மட்டும் கொண்டு போங்க. கொஞ்சம் கூடவே கட்டச் சொன்னான்."

"கூடவா?" என்றேன் நான். "கல்யாண வீட்டுக்கா போயிருக்காரு, கூடக் கட்டுறதுக்கு?"

அம்மா இரண்டு ஆளுக்கு அரிசி அளந்து களைந்தார். கருவாட்டுக் குழம்பு, பருப்பு, தேங்காய்ச் சம்பல், ஒரு முட்டை. வீட்டில் இருந்தது ஒரே முட்டை. பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் அக்கா எட்டிப் பார்த்து, "ஓரத்துல ஒரு வாய் தனியா வைக்கா. கொண்டு போறவங்க பொலிஸ் ராலஹாமி முன்னால தின்னு காட்டணும்" என்றாள். எங்கள் லயத்தில் இது எல்லோருக்கும் தெரியும். கொண்டு வந்த சாப்பாட்டில் ஏதும் கலந்திருக்கிறதா என்று பார்ப்பதற்காக, கொண்டு வந்தவரையே முதலில் ஒரு வாய் சாப்பிடச் சொல்வார்கள். அந்த ஒரு வாய் பார்சலில் குறைந்துவிடக் கூடாதென்று வீட்டுப் பெண்கள் அளவுக்கு மேல் ஒரு பிடி வைத்துக் கட்டுவார்கள். அம்மாவும் வைத்தார். இரண்டு ஆள் சாப்பாட்டை பிளாஸ்டிக் லஞ்ச் சீட்டில் மடித்து, நூல் போட்டுக் கட்டி என் கையில் கொடுத்தார்.

"நீ போ. ஒனக்குத்தான் சிங்களம் வரும், சட்டமும் தெரியும்."

"எனக்குச் சோறு?"

"நேத்துல இருந்து நீதானே வேணாம் வேணாம்னு சொல்ற."

பஸ்ஸில் ஒரு மணி நேரம் அந்தப் பார்சலை மடியில் வைத்துக்கொண்டு போனேன். மழைக்கு ஜன்னல்களை இழுத்து மூடியிருந்தார்கள். சூடு சேலையைத் தாண்டித் தொடையில் இறங்கியது. கருவாட்டு வாசம் பஸ் முழுவதும் நிறைந்தது. முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்து, "எந்தக் கடைப் பார்சல் தங்கச்சி?" என்று கேட்டார்.  அண்ணனுக்குச் சொல்ல வேண்டிய அறிவுரையைச் சிங்களத்திலும் தமிழிலும் மனதுக்குள் தயார் பண்ணிக்கொண்டிருந்தேன். தமிழில் நன்றாக வந்தது.

பொலிஸ் நிலையத்தில் ஒரு நீளப் பெஞ்சு, ஒரு மேசை. உள்ளே நடைவழியின் கடைசியில் கம்பிக் கதவு. மேசையில் தலை நரைத்த கான்ஸ்டபிள் ஒருவர் இருந்தார். பெரிய புத்தகமொன்றைத் திருப்பி வைத்தார். யாருக்குச் சாப்பாடு, கொண்டு வந்தது யார், என்ன உறவு, கையெழுத்து. நான் கையெழுத்துப் போட்டு, பெயருக்குப் பின்னால் பட்டத்தையும் எழுதினேன். யாரும் கேட்கவில்லை.

கம்பிக்குப் பின்னால் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவன் அண்ணன். மற்றவர் நாற்பது வயது மதிக்கத்தக்க ஆள், சாரமும் கிழிந்த பனியனும், சுவரோரம் குந்தியிருந்தார். அண்ணன் என்னைக் கண்டதும் எழுந்து வந்தான். முகத்தில் வெட்கம் எதுவும் இல்லை.

"வா பாப்பா. கருவாடா? பஸ் ஸ்டேண்டுல நீ எறங்குனப்பவே வாசம் வந்துருச்சு."

"மன்னிப்புக் கேளு" என்றேன்.

"எதுக்கு?"

"எதுக்குன்னு தெரியாதா?"

"ஒன்னையப் புகழ்ந்துதானே பேசுனேன். பாயில போனது பொய்யா?"

"மன்னிப்புக் கேட்டாத்தான் சோறு."

அவன் என் கையிலிருந்த பார்சலைப் பார்த்தான். பிறகு சிரித்தான். "முதல்ல சோத்தக் குடு. தின்னுட்டு, தெம்பா மன்னிப்புக் கேக்குறேன்."

"முதல்ல கேளு."

"இங்க பார்ரா. காலையில என்னைய விசாரிச்ச சார்ஜன்கூட இப்படிக் கேக்கல. பணிசக் குடுத்துட்டுத்தான் கேள்வி கேட்டாரு."

இந்த இடத்தில் என் சார்ட் பேப்பர் எனக்கு நினைவு வந்திருக்க வேண்டும். மூன்று வருடமாக மாதம் நாலு தடவை நான் வாசித்த தாள் அது. வரவில்லை. நினைவு வந்ததெல்லாம் இரண்டாம் பக்கத்துப் பென்சில் கோடுதான்.

பின்னாலிருந்து கான்ஸ்டபிள், தங்கச்சி என்று சிங்களத்தில் கூப்பிட்டுச் சொன்னார்: "நங்கி, ஒரு வாய் சாப்பிட்டுக் காட்டிவிட்டுக் கொடுங்கள். எனக்குப் பணி மாறும் நேரம்."

பார்சலை நடைவழியில் இருந்த ஸ்டூலில் வைத்து அவிழ்த்தேன். அம்மா ஓரத்தில் வைத்திருந்த பிடிச் சோற்றைச் சம்பலோடு பிசைந்து வாயில் போட்டேன். அது சட்டப்படி. பிறகு, குழம்பையும் பார்க்க வேண்டும்தானே என்று நினைத்தேன். இரண்டாவது வாய் குழம்போடு. அண்ணன் கம்பிக்குள்ளால் கையை நீட்டியிருந்தான். அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே மூன்றாவது வாய். நான்காவது வாய்க்குக் காரணம் எதுவும் தேவைப்படவில்லை.

"ஏ, விளையாடாத பாப்பா" என்றான். விளையாட்டென்றுதான் முதலில் நினைத்தான். நான் கருவாட்டுத் துண்டின் முள்ளை எடுத்து ஓரத்தில் வைத்தேன். அவன் கையை உள்ளே இழுத்துக்கொண்டான்.

இரண்டு ஆள் சோறு. இரண்டு ஆள் சோற்றை ஓர் ஆள் நின்றுகொண்டே தின்ன முடியும் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். பல்கலைக்கழக விடுதியில்கூட நான் அப்படிச் சாப்பிட்டதில்லை. சுவரோரம் இருந்தவர் என் கை இறங்குவதையும் ஏறுவதையும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். ஒருவர் சாப்பிடும்போது வாயைப் பார்க்கக் கூடாது என்று வளர்க்கப்பட்டவர் போலிருக்கிறது. அந்த மரியாதையை நான் கவனித்தேன். கவனித்தும் முட்டையைத் தின்றேன்.

லஞ்ச் சீட்டைச் சுருட்டும்போது கான்ஸ்டபிள் பக்கத்தில் வந்து நின்றிருந்தார்.

"சாப்பாடு யாருக்குக் கொண்டு வந்தீர்கள், நங்கி?"

நான் லஞ்ச் சீட்டை இன்னும் இறுக்கிச் சுருட்டினேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே தொப்பியை எடுத்துக்கொண்டு போனார்.

அண்ணன் அந்த மனிதரைப் பார்த்துச் சிங்களத்தில் சொன்னான்: "என் தங்கச்சி. டிகிரி முடித்தவள்."

கேலியாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவன் நிஜமாகவே அறிமுகப்படுத்தினான். அந்த மனிதரும் பாதி எழுந்து, எனக்குத் தலை அசைத்தார். பிறகு அண்ணன் என் பக்கம் திரும்பினான்.

"கூடக் கட்டச் சொன்னது இவருக்குத்தான் பாப்பா. ஊரு மொனராகலைப் பக்கம். இங்க மேசன் வேலைக்கு வந்தவரு. சாராயத் தவறணையில ஒரு சண்டையில புடிச்சிட்டு வந்துட்டாங்க. யாரும் வரல. போனும் கையில இல்ல. காலையில என் பணிசுல பாதியக் குடுத்தேன். மத்தியானம் எங்கம்மா சோறு வருது, கருவாட்டுக் குழம்பு அது இதுன்னு சொல்லி வச்சிருந்தேன்."

வெளியே குழாயடியில் கை கழுவினேன். கருவாட்டு வாசம் போகவில்லை. அங்கே நின்றபோதுதான் பிள்ளைமடுவத்தில் அந்தப் பெண் கேட்ட கேள்வி எனக்கு விளங்கியது. அடித்தவனுக்குச் சோறு ஆக்க மாட்டேன் என்று அவள் சொல்லலாம். அது அவளுடைய அடுப்பு. ஆனால் அடுத்தவர் ஆக்கிய சோற்றுக்கும் பூட்டிய கதவுக்கும் நடுவில் போய் நிற்பது வேறு விடயம். வெளியே இருக்கும் அண்ணனுக்கு நான் சோறு இல்லை என்றால் அவன் கடைக்குப் போவான். பக்கத்துக் காம்பராவில் கேட்பான். என்னைத் தள்ளிவிட்டுப் பானையைத் திறப்பான். பூட்டி வைத்தவனுக்கு அதெல்லாம் இல்லை. அவனுடைய பசி முழுவதும் நம் கையில் இருக்கிறது. அந்த நேரத்தில் அவனிடம் ஏதாவது கேட்டால், அது மன்னிப்பாக இருந்தாலும், அவன் தருவது நமக்கு அல்ல, சோற்றுக்கு. அதோடு, அவனைப் பட்டினி போட்டால் அவன் மட்டும் பட்டினி கிடப்பான் என்பதும் நிச்சயமில்லை. இவ்வளவு தெளிவாக யோசிக்க எனக்கு வயிறு நிறைந்திருக்க வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை. சோற்றுக் கடைகள் இரண்டும் பூட்டிக் கிடந்தன. மழையில் அரை மைல் நடந்து, ஒரு தேத்தண்ணிக் கடையில் பத்து ரொட்டியும் பருப்புக் கறியும் வாங்கினேன். முட்டை கேட்டேன், இல்லை என்றார்கள்.

திரும்பி வந்தபோது மேசையில் வேறு ஆள். என் வயதுதான் இருக்கும், பெண் கான்ஸ்டபிள். கொண்டை கச்சிதமாக இருந்தது. நான் பார்சலை நீட்டினேன். அவள் அண்ணன் பெயரைக் கேட்டு, புத்தகத்தில் விரலை ஓட்டினாள்.

"இவருக்கு மதியச் சாப்பாடு வந்துவிட்டதே. ஒருவருக்கு ஒரு வேளைக்கு ஒரு பார்சல்தான். இது உங்கள் கையெழுத்துத்தானே? பட்டம்கூடப் போட்டிருக்கிறீர்கள்."

நான் சட்டத்தை எடுத்தேன். எனக்குத் தெரிந்த மிக நல்ல சிங்களத்தில், கைதானவருக்குச் சாப்பாட்டை மறுப்பது எவ்வளவு பாரதூரமானது என்று விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"நாங்கள் மறுக்கவில்லையே மிஸ். கொடுத்தோம். அவர் சாப்பிட்டார். புத்தகத்தில் இருக்கிறது."

"அப்படியானால் இது உள்ளே இருக்கும் மற்றவருக்கு."

"அவருக்கு நீங்கள் என்ன உறவு?"

நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். நேரம் ஒன்றரையைத் தாண்டியிருந்தது. சாப்பாடு எடுப்பது இரண்டு மணி வரைதான் என்று சுவரில் எழுதியிருந்தது. பொய் சொல்லலாமா என்று யோசித்தேன். அண்ணனுக்கு வயிறு பெரிது, போதவில்லையாம் என்று சொல்லலாம். உள்ளே பசியோடு இருப்பவனைத் தீனிப்பண்டாரம் ஆக்கி நான் தப்பிக்கலாம். வாய்வரை வந்தது அந்தப் பொய்.

"அவர் சாப்பிடவில்லை" என்றேன். "நான் சாப்பிட்டேன்."

தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. "கேட்கவில்லை" என்றாள்.

"அந்தச் சோற்றை நான் சாப்பிட்டுவிட்டேன்!"

மழை அந்த நேரம் பார்த்துக் குறைந்திருந்தது. பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அதில் ஒரு குரல் தமிழில், "அது நம்ம வகுப்பு மிஸ்தானே?" என்றது. நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. இன்றுவரை அது யார் என்று எனக்குத் தெரியாது. அதனால் எந்த வகுப்புக்குப் போனாலும் எல்லோர் முகத்தையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

பெண் கான்ஸ்டபிள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நான் கோபப்பட்டிருக்கலாம், எனக்கும் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும். "ருசி பார்ப்பது ஒரு வாய்தானே?" என்று மட்டும் கேட்டாள்.

"ஆமாம்."

"முழுவதுமா?"

"முழுவதும்."

அவள் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து வைத்தாள். "புத்தகத்தில் இருப்பதை நான் சும்மா வெட்ட முடியாது. எழுதிக் கொடுங்கள். காரணமும் எழுத வேண்டும்."

அந்த வாரத்தில் நான் எழுதிய இரண்டாவது முக்கியமான எழுத்து அது. முதலாவதற்கு நாலு பக்கமும் நாலு நாளும் ஆனது. அதை யாரும் கேட்கவில்லை. இது மூன்று வரி. 'மேற்படி சந்தேகநபருக்காக என் தாயார் கொடுத்தனுப்பிய உணவை நான் உட்கொண்டேன். காரணம்: பசி.'

அவள் வாசித்துவிட்டுத் தாளைத் திருப்பித் தள்ளினாள். "பசியென்றால் பாதியில் நிறுத்தியிருப்பீர்களே, மிஸ். சரியான காரணத்தை எழுதுங்கள். நிலையத்துப் பெரியவர் கேட்டால் நான்தான் பதில் சொல்ல வேண்டும்."

'பசி' என்பதை வெட்டிவிட்டு 'கோபம்' என்று எழுதினேன். வெட்டிய இடத்தில் சின்னக் கையெழுத்துப் போடச் சொன்னாள். போட்டேன். பட்டம் போடவில்லை.

எழுதியதை வாசித்துக் காட்ட வேண்டுமாம், அது முறை. நடைவழிக்குக் கேட்கும்படி உரக்க வாசித்தாள். அண்ணன் உள்ளேயிருந்து, "கோவமா? நான் பசின்னுல நெனச்சேன்!" என்றான். அந்த மேசன் என்ன விடயம் என்று கேட்டிருக்க வேண்டும், அண்ணன் விளக்குவது கேட்டது. பிறகு இரண்டு பேரும் சிரிப்பது கேட்டது.

இந்த முறையும் ருசி பார்க்க வேண்டும் என்றாள். கம்பிக் கதவருகே நின்று ரொட்டியில் நகத்தளவு பிய்த்தேன். பெண் கான்ஸ்டபிள் என் கையைப் பார்த்தாள். அண்ணன் பார்த்தான். பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். அவ்வளவு பேர் பார்க்க நான் எதையும் விழுங்கியதில்லை. 

"போதும், போதும்" என்று அண்ணன் பார்சலை உள்ளே இழுத்துக்கொண்டான்.

முதல் ரொட்டியை அவன் மேசனுக்குக் கொடுத்தான். நான் அவரிடம் சிங்களத்தில் மன்னிப்புக் கேட்டேன். என்னென்னவோ சொல்ல வந்து, 'சமாவென்ன' என்ற ஒரே சொல்தான் வந்தது. அவர் ரொட்டியை மென்றுகொண்டே, "பரவாயில்லை. வாசனையிலேயே தெரிந்தது, நல்ல குழம்பு" என்றார். அவருக்கு மனைவியின் தொலைபேசி எண் மனப்பாடம். பெண் கான்ஸ்டபிளிடம் கேட்டுவிட்டு என் போனில் அழைத்தேன். நடந்ததை நான் சொல்லி முடிக்கும் முன்பே அந்தப் பக்கத்திலிருந்து அவள் கேட்டாள்: "சாப்பிட்டாரா?" இரண்டு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. "இப்போதுதான் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்" என்றேன். ஒரு மணிக்கு அழைத்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை.

பின்னேரம் தலைவர் வந்து கையெழுத்து வைத்தார். அண்ணனைப் பிணையில் விட்டார்கள். மேசனை அடுத்த நாள் அவருடைய மைத்துனர் வந்து அழைத்துப்போனதாகப் பிறகு கேள்விப்பட்டோம். பஸ்ஸில் அண்ணன் ஜன்னலோரம் உட்கார்ந்து தூங்கிவிட்டான். மன்னிப்பு அவனும் கேட்கவில்லை, நானும் அதைப் பற்றி மறுபடி பேசவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா அவனை மேலும் கீழும் பார்த்தார். அடித்திருக்கிறார்களா என்று முதுகைத் தடவினார். பிறகு அடுப்பங்கரைக்குப் போய்க்கொண்டே கேட்டார்:

"கூடக் கட்டச் சொன்னியே, சோறு பத்துச்சாடா ரெண்டு பேருக்கும்?"

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. "பத்துச்சும்மா. மிச்சமே இல்ல."

"கருவாட்ட அவசரத்துல சரியா ஊறப்போடல. உப்புக் கரிச்சிருக்குமே?"

அண்ணன் வாயைத் திறந்தான், மூடினான். அவனுக்குத் தெரியாது.

"கொஞ்சம்" என்றேன் நான். "சோத்தோட சேர்த்துத் திங்கிறப்போ தெரியல."

அம்மா கரண்டியோடு திரும்பி நின்று என்னைப் பார்த்தார்.